மூல ஸ்லாவியத்தின் ‘வேட்கை’: நட்சத்திரக் குறியிட்ட ஒரு சொல்லைப் படிப்படியாக மீட்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூல ஸ்லாவிய மொழியில் ஒரு வரி எழுத்துகூட எஞ்சவில்லை. ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன், ஸ்லோவேனியன் போன்ற பிள்ளை மொழிகளை அருகருகே வைத்துத்தான் அதன் சொற்களை மீட்டெடுக்க வேண்டும். அப்படி மீட்ட சொல்லின் முன்னால் போடுவதுதான் நட்சத்திரக் குறி. ‘இது எங்கும் எழுதிக் கிடைத்ததில்லை, கணித்தது’ என்பது அதன் பொருள்.

இங்கே எடுத்துக்கொள்வது ‘தாகம், வேட்கை’ என்று பொருள்படும் ஒரு பெயர்ச்சொல். பழகுவதற்கு இதைவிட நல்ல சொல் கிடைப்பது கடினம். நான்கே ஒலித்துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு தனிப் பாடம். புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகப் பொருளிலிருந்து தொடங்கி, ‘ஆசை’ என்று வரும் எல்லாச் சொற்களையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். இங்கே வரிசை நேர்மாறானது: முதலில் ஒலி, அடுத்து இலக்கணம், பொருள் கடைசியில்.

0. தொடங்கும் முன் வேண்டியவை

முதலாவது, எழுத்துமுறை. தமிழ் எழுத்தில் எழுதுவதால் சில உடன்பாடுகள் தேவை. இவை ஸ்லாவிய வடிவங்களுக்கும் நட்சத்திர வடிவங்களுக்கும் மட்டும்.

‘ஃஷ’ என்பது ‘ஷ’வைத் தொண்டை அதிர்வோடு சொன்னால் வருவது. ‘ஃஸ’ அதேபோல ‘ஸ’வின் அதிரும் வடிவம். ஒற்றை ‘க’, ‘த’ இரண்டும் ‘தங்கம்’, ‘பந்து’ ஆகியவற்றில் மெல்லினத்துக்குப் பின் ஒலிப்பவை. இரட்டித்த ‘த்த’, சொல்லின் ஈற்றில் வரும் ‘த்’, ‘த்ய்’, ‘ஸ்’-க்குப் பின் வரும் ‘த’ ஆகியவை அதிர்வில்லாதவை. உயிருக்குப் பின் ‘(ன்)’ இருந்தால் அந்த உயிரை மூக்கால் சொல்ல வேண்டும். அங்கே தனியாக ஒரு ‘ன்’ ஒலிக்காது. ‘(இ)’, ‘(உ)’ இரண்டும் மிகக் குறுகிய உயிர்கள். குற்றியலிகரமும் குற்றியலுகரமும் படித்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, சிரில்லிக் எழுத்தைக் கூட்டிப் படிக்கும் அளவுக்காவது பழக்கம். ரஷ்யச் சொல்லை வேறு யாரோ எழுத்துப்பெயர்த்த வடிவத்தில் மட்டும் பார்த்தால், எது ஒலி, எது அவருடைய வசதி என்று தெரியாது.

மூன்றாவது, குறைந்தது இரண்டு சொற்பிறப்பியல் அகராதிகள். மாக்ஸ் ஃபாஸ்மர் தொகுத்த ரஷ்ய அகராதி ஒன்று போதாது. மேற்கு ஸ்லாவிய மொழி ஒன்றின் அகராதியும் வேண்டும். மாஸ்கோவில் 1974 முதல் தொகுதி தொகுதியாக வெளிவரும் பெரிய ஸ்லாவியச் சொற்பிறப்பியல் அகராதியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அது இலத்தீன் அகரவரிசையில் நகர்கிறது, நம் சொல்லின் முதலெழுத்தோ அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. தொகுப்பு அவ்வளவு தூரம் வரவில்லை.

நான்காவது, ஒரு தாள். கிழக்கு (ரஷ்யன், உக்ரைனியன்), தெற்கு (பல்கேரியன், பழைய திருச்சபை ஸ்லாவியம், செர்பிய-குரோவேஷியன், ஸ்லோவேனியன்), மேற்கு (போலிஷ், செக்) என்று மூன்று பத்திகள். பெயர்ச்சொல்லுக்கு ஒரு வரிசை, வினைக்கு ஒரு வரிசை. கணினி விரிதாளும் போதும்.

1. சாட்சிகளைத் திரட்டுதல்

பெயர்ச்சொல்லை மட்டும் முதலில் எழுதுங்கள்.

ரஷ்யன்: ஃஷாஃஷ்தா, தாகம்.
பழைய திருச்சபை ஸ்லாவியம் (தேவாலய நூல்களில் எழுத்தாகக் கிடைக்கும் மிகப் பழைய ஸ்லாவிய மொழி): ஃஷெ(ன்)ஃஷ்தா, தாகம்.
செர்பிய-குரோவேஷியன்: ஃஷெஜ், பக்கத்திலேயே ஃஷெஜா; தாகம்.
ஸ்லோவேனியன்: ஃஷெயா, தாகம்.
போலிஷ்: ஃஷொந்த்ஃஸா, அடக்க முடியாத ஆசை, காமம்.
செக்: ஃஷீஃஸெஞ், தாகம், இதில் ஒரு பின்னொட்டு கூடுதலாக ஒட்டியிருக்கிறது.

வினைகளை அடுத்த வரிசையில் எழுதுங்கள்: போலிஷ் ஃஷொந்தாச் (உரிமையோடு கோருதல்), செக் ஃஷாதத் (கேட்டுக்கொள்ளுதல், விண்ணப்பித்தல்), உக்ரைனிய ஃஷதாத்தி (விரும்புதல்).

வினையையும் பெயரையும் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. பெயரில் ‘த’வுக்குப் பின்னால் ஒரு ‘ய’ இருந்து அதை உருமாற்றியிருக்கிறது. இந்த வினை வடிவங்களில் ‘த’ அப்படியே நிற்கிறது. கலந்து எழுதினால் ‘த’ ஏன் ஓரிடத்தில் ‘த’வாகவும் ஓரிடத்தில் ‘ஜ’வாகவும் இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

2. கடன்சொல்லை வெளியே எடுத்தல்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப்போகிறார்கள், அதனால் பின்னால் எல்லாமே கோணுகிறது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பட்டியலில் முதலில் வருவது ரஷ்யன். பேசுவோர் தொகை அதிகம், அகராதி எளிதில் கிடைக்கும், ஆகவே புதியவர்கள் அதையே அடித்தளமாக வைக்கிறார்கள். ஆனால் ஃஷாஃஷ்தாவில் உள்ள ‘ஃஷ்த’ ரஷ்யனின் சொந்த விளைவு அல்ல.

எப்படித் தெரியும்? வேறொரு சொல்லைக் கொண்டு சோதியுங்கள். ‘எல்லை, நடுவில் ஓடும் வரப்பு’ என்று பொருள்படும் மூல வடிவம் *மெத்யா. சமஸ்கிருத ‘மத்ய’ இதன் இனச்சொல், ஆகவே ‘த்ய’ இருந்ததற்கு வெளியிலிருந்தே சான்று கிடைக்கிறது. இதன் பிள்ளைகளைப் பாருங்கள்.

ரஷ்யன்: மெஃஷா.
பல்கேரியன்: மெஃஷ்தா.
செர்பிய-குரோவேஷியன்: மெஜா.
ஸ்லோவேனியன்: மெயா.
போலிஷ்: ம்யெத்ஃஸா.
செக்: மெஃஸ்.

ரஷ்யனில் ‘த்ய’ வெறும் ‘ஃஷ’வாக முடிகிறது. ‘ஃஷ்த’ என்பது பல்கேரியனுக்கும் பழைய திருச்சபை ஸ்லாவியத்துக்கும் உரிய அடையாளம். அப்படியானால் ரஷ்யனில் எதிர்பார்க்க வேண்டிய வடிவம் *ஃஷாஃஷா. நூல்மொழியில் நிற்கும் ஃஷாஃஷ்தா தேவாலய மொழியின் வழியாக வந்தது. ‘உடை’ என்பதற்கு ரஷ்யப் பேச்சுவழக்கில் அத்யோஃஷா, எழுத்து வழக்கில் அத்யெஃஷ்தா என்று இரண்டும் இருப்பது இதே கதைதான்.

அதற்காக ரஷ்யனைத் தாளிலிருந்து அழிக்க வேண்டாம். ‘த்ய’வுக்கு அது தனிச் சாட்சி இல்லை, அவ்வளவே. உயிரொலிக்கு ரஷ்யன் இன்னும் பயன்படும்: ஃஷாத்னி (பேராசை பிடித்த) என்ற சொந்தச் சொல் அதே ‘ஆ’வைக் காட்டுகிறது. ஒரு சாட்சியை ஒரு கேள்விக்கு நிராகரித்து மற்றொரு கேள்விக்கு ஏற்பது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது.

பல்கேரியனிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அதன் ‘ஃஷாஃஷ்தா’வில் மெய்கள் ஒழுங்கானவை, உயிர் ‘ஆ’ ஒழுங்கானது அல்ல. அங்கே ‘எ’ வந்திருக்க வேண்டும். ஆகவே பல்கேரியனை உயிருக்குச் சாட்சியாக அழைக்காதீர்கள்.

3. முரண்படும் மெய்யிலிருந்து தொடங்குதல்

எல்லா மொழிகளும் ஒத்துப்போகும் இடத்தில் தெரிந்துகொள்ளப் புதிதாக ஒன்றுமில்லை. முரண்படும் இடத்தில்தான் தகவல் இருக்கிறது. அதனால் சொல்லின் முதலெழுத்தை விட்டுவிட்டு நடுமெய்யை முதலில் எடுங்கள்.

‘ஃஷ்த’, ‘ஜ’, ‘ய’, ‘த்ஃஸ’, ‘ஃஸ’. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு மூலத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஸ்லோவேனிய ‘ய’ பழைய தனி ‘ய’வாக இருக்கலாம். போலிஷ் ‘த்ஃஸ’வும் செக் ‘ஃஸ’வும் பழைய ‘க’ மென்மையானதால் (யகரச் சாயல் பெற்றதால்) வந்திருக்கலாம். ஐந்தும் ஒரே வேளையில் பொருந்தும் மூலம் *த்ய ஒன்றே. *மெத்யாவின் பட்டியலை இதன் மேல் வைத்துப் பாருங்கள். வரிக்கு வரி பொருந்தும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, எண்ணிக்கை பார்த்துத் தீர்ப்பு சொல்வது. ‘ரஷ்யன், பல்கேரியன், பழைய திருச்சபை ஸ்லாவியம் மூன்றிலும் ஃஷ்த இருக்கிறது, அதுவே மூலம்’ என்று சொல்வார்கள். அந்த மூன்றில் ஒன்று கடன், மற்ற இரண்டும் ஒரே கிளை. உண்மையில் அது ஒரு வாக்குதான்.

4. மூக்குயிர்: இரண்டு அரைச் சாட்சிகள்

உயிருக்கு வருவோம். பழைய திருச்சபை ஸ்லாவியம் எ(ன்) என்ற மூக்குயிரை எழுத்திலேயே காட்டுகிறது. அதற்கென்று தனி எழுத்து இருந்தது. நமக்குக் கிடைக்கும் படிகள் பெரும்பாலும் 10, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வேலை முடிந்ததுபோலத் தோன்றும். ஆனாலும் அந்த மொழி மூல ஸ்லாவியம் அல்ல, அதன் ஒரு பிள்ளைக்கு மூத்த உறவு மட்டுமே. பிற சாட்சிகளையும் கேட்க வேண்டும்.

போலிஷில் மூக்கொலி இன்றும் இருக்கிறது. ஆனால் போலிஷ், பழைய எ(ன்), ஒ(ன்) இரண்டையும் கலந்துவிட்டு, நெடில் குறில் அடிப்படையில் மறுபடி பிரித்தது. எது பழைய எ(ன்) என்று அறிய, முந்தைய மெய் மென்மையானதா என்று பார்ப்பார்கள். நம் சொல்லில் முந்தைய மெய் ‘ஃஷ’. அதில் அந்த வேறுபாடு தெரியாது. ஆகப் போலிஷ் சொல்வது ‘மூக்கொலி இருந்தது’ என்பதை மட்டும்.

செர்பிய-குரோவேஷியனிலும் ரஷ்யனிலும் மூக்கொலி போய்விட்டது. ஆனால் அவை எ(ன்), ஒ(ன்) இரண்டையும் கலக்கவில்லை. எ(ன்) முன்னதில் ‘எ’ ஆகும், பின்னதில் ‘யா’ ஆகும் (ஃஷ-வுக்குப் பின் ‘ஆ’). ஒ(ன்) இரண்டிலும் ‘உ’ ஆகும். நம் சொல்லில் ‘எ’யும் ‘ஆ’வும் இருக்கின்றன. ஆக இவை சொல்வது ‘முன்னுயிர்’ (இ, எ போல நாக்கின் முன்பகுதியில் பிறக்கும் உயிர்) என்பதை மட்டும்.

இரண்டையும் சேர்த்தால் *எ(ன்). இந்த மூன்றில் எந்த ஒரு மொழியும் தனியாக இந்த விடையைத் தரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சோதனைக்கு ‘ஐந்து’ என்ற எண்ணை எடுங்கள்: ரஷ்யன் ப்யாத்ய், செர்பியன் பெத், போலிஷ் ப்யெஞ்ச், மூலம் *பெ(ன்)த்த்(இ). சமஸ்கிருத ‘பஞ்ச’வில் அந்த மூக்கொலி முழு மெய்யாகவே நிற்கிறது. செக் பியெத்தில் மூக்கொலியின் தடமே இல்லை. செக்கை மட்டும் படித்தவர்கள் மூக்கொலியைத் தவறவிடுவது இதனால்தான்.

5. முதல் மெய்: ஃஷ-வுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் க

எல்லாப் பிள்ளை மொழிகளிலும் ‘ஃஷ’. மூல ஸ்லாவியத்திலும் *ஃஷ. ஒரு நிமிட வேலை.

ஆனால் ஸ்லாவியத்துக்கு வெளியே இனச்சொல் தேடப் போகிறோம் என்றால், இந்த ஃஷ முன்பு என்னவாக இருந்தது என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் லித்துவேனிய அகராதியில் தவறான எழுத்தின் கீழ் தேடிக்கொண்டிருப்போம்.

விதி இதுதான்: முன்னுயிருக்கு (இ, எ) முன்னால் நின்ற பழைய ‘க’, ஸ்லாவியத்தில் ‘ஃஷ’ ஆனது. ‘உயிருள்ள’ என்பதற்கு ரஷ்யன் ஃஷிவோய், லித்துவேனியன் கீவஸ், சமஸ்கிருதம் ஜீவ. ‘பெண்’ என்பதற்கு மூல ஸ்லாவியம் *ஃஷெனா, கிரேக்கம் குனே.

தமிழருக்கு இந்த மாற்றம் வீட்டிலேயே இருக்கிறது. கன்னடக் கிவி நமக்குச் செவி. கன்னடக் கெய் நமக்குச் செய். முன்னுயிருக்கு முன் ககரம் சகரமானது. நம்மிடம் ஒரு தடை உண்டு: அடுத்து நாமடி மெய் (ட, ள போன்றவை) வந்தால் மாறாது, அதனால் கிளி, கெடு, கேள் எல்லாம் ககரத்தோடேயே நிற்கின்றன. ஸ்லாவியத்தில் அப்படி ஒரு தடை இல்லை. முன்னுயிர் இருந்தால் மாறியே தீரும்.

ஆக *ஃஷெ(ன்)த்யா என்பதன் பின்னால் நிற்பது *கெந்த்யா.

6. ஈறும் வேற்றுமையும்

பெண்பால் ‘ஆ’ ஈறு, அதற்கு முன் ‘ய’. இதை மென் ஆகார வகை என்பார்கள். *ஃஷெனா (பெண்) கடின வகை. *துஷா (ஆன்மா) மென் வகை. புதியவர்கள் செய்யும் பிழை, பாடநூலில் முதலில் வரும் *ஃஷெனாவின் ஈறுகளை அப்படியே எடுத்து ஒட்டுவது. ‘ய’வுக்குப் பின் மூக்கொலி இல்லாத ‘ஒ’ நிற்காது, ‘எ’ ஆகும். பல ஈறுகள் அதனால் மாறுகின்றன. ஆகவே அச்சாக *துஷாவை வையுங்கள்.

ஒருமை:
எழுவாய்: *ஃஷெ(ன்)த்யா
இரண்டாம் வேற்றுமை: *ஃஷெ(ன்)த்யொ(ன்)
மூன்றாம் வேற்றுமை: *ஃஷெ(ன்)த்யெயொ(ன்)
நான்காம், ஏழாம் வேற்றுமைகள்: *ஃஷெ(ன்)த்யி
ஆறாம் வேற்றுமை: தெற்கில் *ஃஷெ(ன்)த்யெ(ன்), கிழக்கிலும் மேற்கிலும் *ஃஷெ(ன்)த்யே
விளி: *ஃஷெ(ன்)த்யெ

கடின வகையில் மூன்றாம் வேற்றுமை *ஃஷெனொயொ(ன்), விளி *ஃஷெனொ. மேலே அதே இடங்களில் ‘எ’ வந்திருப்பதைப் பாருங்கள். நான்காம் வேற்றுமையில் கடின வகைக்கு ‘ஏ’, மென் வகைக்கு ‘இ’.

ஆறாம் வேற்றுமையில் இரண்டு வடிவம் போட்டிருப்பது தயக்கத்தால் அல்ல. மூல மொழியே அந்த இடத்தில் வடக்கு, தெற்கு என்று பிரிந்திருந்தது. ஒன்றை அழித்து ஒன்றை வைத்தால் பொய்யான ஒழுங்கு வந்துவிடும்.

பன்மையில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் ஒருமையின் ஆறாம் வேற்றுமை போலவே இருக்கும். ஆறாம் வேற்றுமை *ஃஷெ(ன்)த்ய்(இ), நான்காம் *ஃஷெ(ன்)த்யாம்(உ), ஏழாம் *ஃஷெ(ன்)த்யாஹ்(உ), மூன்றாம் *ஃஷெ(ன்)த்யாமி. இருமைக்கு *ஃஷெ(ன்)த்யி, *ஃஷெ(ன்)த்யு, *ஃஷெ(ன்)த்யாமா என்ற மூன்றே வடிவங்கள். இரண்டு தாகங்களைப் பற்றி யார் பேசினார்கள் என்று கேட்காதீர்கள், அட்டவணை கேட்கிறது.

செர்பியனில் உள்ள ஃஷெஜ் ‘ஆ’ இல்லாமல் மெய்யில் முடிகிறதே என்ற கேள்வி இங்கே வரும். அது பின்னாளில் வேறு பெண்பால் வகைக்கு இடம்பெயர்ந்தது. பக்கத்தில் ஃஷெஜா எஞ்சியிருப்பதும், மற்ற கிளைகள் ‘ஆ’வில் முடிவதும் போதிய சான்று.

7. வினையைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தல்

வினையின் மூல வடிவம் *ஃஷெ(ன்)தாத்தி. இதில் ‘த’வுக்குப் பின் ‘ய’ இல்லை. அதனால் போலிஷிலும் செக்கிலும் ‘த’ மாறாமல் நின்றது. பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் ‘எனக்குத் தாகமாயிருக்கிறது’ என்ற நிகழ்கால வடிவம் ஃஷெ(ன்)ஃஷ்தொ(ன்). நிகழ்காலத்தில் ‘ய’ உண்டு, வினையெச்ச அடிப்படையில் இல்லை. பெயரில் நாம் *த்ய வைத்தது சரி என்பதற்கு இது தனி உறுதி.

8. ஸ்லாவியத்துக்கு வெளியே

இப்போதுதான் வெளியே போக வேண்டும். முன்கூட்டியே போனால், கிரேக்கத்திலோ சமஸ்கிருதத்திலோ பிடித்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு ஸ்லாவிய வடிவத்தை அதற்கேற்ப வளைக்கத் தோன்றும்.

முதலில் மிக நெருங்கிய உறவான லித்துவேனியன். பசிகெந்து என்றால் ‘இல்லாமையை உணர்கிறேன், ஏங்குகிறேன்’. முன்னால் நிற்கும் ‘பசி’ நம் பசி அல்ல. ‘ப’ ஒரு முன்னொட்டு, ‘சி’ தற்சுட்டு ஒட்டு. எஞ்சுவது கெந்த்-. ஐந்தாம் படியில் நாம் கணித்த *கெந்த்- அப்படியே இங்கே இருக்கிறது. அதே மொழியில் கெதேத்தி என்றால் ‘துக்கம் காத்தல்’. இதில் மூக்கொலி இல்லை.

ஒரே வேர் மூக்கொலியோடும் இல்லாமலும் வருவது இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் பழைய வழக்கம். நிகழ்காலத்தை உருவாக்க வேரின் நடுவே ஒரு ‘ந்’ செருகுவார்கள். ஸ்லாவியத்திலேயே இதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டுகள் உண்டு: ‘உட்காருதல்’ *ஸேஸ்தி, ‘உட்காருவேன்’ *ஸெ(ன்)தொ(ன்). முன்னதில் மூக்கொலி இல்லை, பின்னதில் இருக்கிறது. நம் வேரிலும் அப்படி நிகழ்காலத்தில் புகுந்த மூக்கொலி, ஸ்லாவியத்தில் குடும்பம் முழுவதற்கும் பரவிவிட்டது.

இது தெரியாதவர்கள் அடுத்த இனச்சொற்களைப் பார்த்து, ‘மூக்கொலி இல்லையே, இது உறவில்லை’ என்று ஒதுக்கிவிடுவார்கள். கிரேக்கப் பொதோஸ் (ஏக்கம்), பழைய ஐரிஷ் குதித் (வேண்டுகிறான், இறைஞ்சுகிறான்), அவெஸ்தா மொழியின் ஜய்த்யேமி (கேட்கிறேன்), பழைய பாரசீக ஜதியாமி (வேண்டுகிறேன்). கடைசியாகச் சொன்னதைக் கல்லிலேயே காணலாம்: நக்ஷ்-இ-ரோஸ்தமில் முதலாம் தாரியஸின் கல்லறைக் கல்வெட்டில், அகுரமஸ்தா என்ற கடவுளிடம் மன்னன் வேண்டும் இடத்தில் இந்த வினை வருகிறது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான வேர் *க்வ்ஹெத்ஹ்-. முதல் மெய் இதழ் குவித்து, மூச்சு சேர்த்துச் சொன்ன ‘க’. கிரேக்கத்தில் அந்த ஒலி ஒகரத்துக்கு முன் ‘ப்ஹ’ ஆனது. அடுத்த அசையிலும் மூச்சொலி இருந்ததால் முதலாவது தன் மூச்சை இழந்து ‘ப’ ஆயிற்று. அதனால்தான் பொதோஸ் வெளிப்பார்வைக்கு ஃஷெ(ன்)த்யாவின் உறவுபோலவே தெரியவில்லை. ஒலி ஒற்றுமை பார்த்து இனச்சொல் தேடுபவர் இதை ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார்.

இன்னொரு நுட்பமான சோதனை. வேரின் கடைசி மெய் மூச்சொலியோடு கூடிய ‘த்ஹ’வா, வெறும் ‘த’வா? பால்டிக், ஸ்லாவிய மொழிகளில் வெறும் ‘த’வுக்கு முன் நின்ற உயிர் நீளும், வின்டர் விதி என்பார்கள். ‘உட்காருதல்’ வேர் வெறும் ‘த’ கொண்டது, அதனால் லித்துவேனியனில் நெடிலோடு சேதேத்தி. நம் கெதேத்தியில் குறில். ஆகவே ‘த்ஹ’. கிரேக்கமும் அதையே சொல்கிறது.

9. முன்னோக்கி ஓட்டிப் பார்த்தல்

பின்னோக்கி வந்த வழியை இப்போது முன்னோக்கி ஓட்டுங்கள். ஒரு படியாவது தடுக்கினால் கணிப்பில் பிழை.

*க்வ்ஹெந்த்ஹ்யா. மூச்சொலியும் இதழ்க்குவிப்பும் போனால் *கெந்த்யா. ‘எ’வுக்கு முன் ‘க’ மாறி *ஃஷெந்த்யா. அசையை மூடி நின்ற ‘ந்’ உயிரோடு கரைந்து *ஃஷெ(ன்)த்யா. இதுவரை எல்லா ஸ்லாவியருக்கும் பொது. இதற்குப் பின் ‘த்ய’ கிளைக்கொரு விதமாக உடைகிறது.

‘த்ய’ உடைந்தது கடைசியில்தான் என்பது முக்கியம். அதனால்தான் நட்சத்திர வடிவத்தில் ‘த்ய’வையே எழுதுகிறோம். ‘ஃஷ்த’ என்றோ ‘ஜ’ என்றோ எழுதினால் ஒரு பிள்ளையைத் தாயாக்கியதாகிவிடும். சில நூல்களில் ‘த்ய’வுக்குப் பதில் மென்குறி இட்ட ஒற்றை ‘த’ இருக்கும். இரண்டும் ஒன்றே, திகைக்க வேண்டாம்.

10. ஒட்டிக்கொள்ள வரும் போலிகள்

ஃஷ-வில் தொடங்கி ஆசையோ எதிர்பார்ப்போ பொருளாக உள்ள சொற்கள் ஏராளம். கீழே உள்ளவை திரும்பத் திரும்ப உள்ளே நுழைந்துவிடுகின்றன.

*ஃஷ்(இ)தாத்தி, ‘காத்திருத்தல்’. ரஷ்யனில் ஃஷ்து என்றால் ‘காத்திருக்கிறேன்’, ஃஷாஃஷ்து என்றால் ‘தாகமாயிருக்கிறேன்’. ஏமாறாமல் இருப்பது கடினம். ஆனால் இதன் உயிர் குற்றியலிகரம், மூக்கொலி அல்ல. இதன் லித்துவேனிய உறவு கெய்ஸ்தி, ‘விரும்புதல்’. பொருள் இன்னும் நெருங்கிவருவதைப் பாருங்கள்! இருந்தும் வேர் வேறு, *க்ஹெய்த்ஹ்-.

*ஃஷெலாத்தி, ‘விரும்புதல்’. ரஷ்ய ஃஷெலாத்ய் இதன் வழி. ‘ல’வும் ‘த’வும் எந்த விதியாலும் ஒன்றாகாது. இதைச் சேர்க்க விரும்புவோர் பொருளை மட்டுமே காரணம் காட்டுவார்கள்.

உக்ரைனிய ஃஷஹா, ‘கடும் தாகம், தீரா வேட்கை’. பொருள் நூற்றுக்கு நூறு பொருந்தும். ஆனால் உக்ரைனிய ‘ஹ’ பழைய ‘க’விலிருந்து வருவது, இது ‘எரிதல்’ என்ற வேரின் பிள்ளை. என் பார்வையில் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான்.

செக் ஃஷாத்னீ, ‘எதுவும் இல்லை, ஒருவரும் இல்லை’. ஃஷாதத்தின் பக்கத்திலேயே அகராதியில் நிற்கும். இது ‘ஒன்றுகூட இல்லை’ என்ற பழைய தொடர் சுருங்கி வந்தது. போலிஷ் ஃஷாதென் இதன் கூடப்பிறந்தது. அந்தப் போலிஷ் வடிவத்தில் மூக்கொலி இல்லை. ஃஷொந்தாச்சில் உண்டு. அந்த ஒரு வேறுபாடே வழக்கை முடித்துவிடும்.

11. கடைசியாகப் பொருள்

இப்போது பொருளைத் தொடலாம். ஐரிஷிலும் ஈரானிய மொழிகளிலும் ‘கேட்டல், இறைஞ்சுதல்’, கிரேக்கத்தில் ‘ஏக்கம்’, லித்துவேனியனில் ‘இல்லாமையை உணர்தல், துக்கம்’, ஸ்லாவியத்தில் ‘தாகம், வேட்கை’.

மூல ஸ்லாவியத்துக்கு எந்தப் பொருளை எழுதுவது? தெற்கிலும் கிழக்கிலும் தாகம், போலிஷில் ஆசை. இரண்டையும் எழுதுவதே நேர்மை. தமிழில் ‘வேட்கை’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். நீர்வேட்கை என்றும் வேட்கை என்றும் நமக்கு இரண்டும் அதில் அடக்கம். பழைய திருச்சபை மொழியில் நற்செய்தியின் ‘நீதியின்மேல் பசிதாகம்’ என்ற இடத்தில் இந்த வினையே வருகிறது, ஆகவே நாக்கின் தாகம் மனத்தின் தாகமாவது அங்கேயும் புதிதல்ல.

ஒரு கண்ணி மட்டும் பாக்கி. செக்கிலும் போலிஷிலும் வினை ‘கேட்டல், கோருதல்’ என்று இருப்பதைப் பார்த்து, ‘ஐரிஷ், பாரசீகப் பொருள் இங்கே அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது’ என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது ஏற்புடையதாகப் படவில்லை. ஒருவரிடமிருந்து ஒன்றை விரும்புவது, அதை அவரிடம் கேட்பதாக மாறுவது எந்த மொழியிலும் எளிதில் நடக்கும். மற்ற ஸ்லாவியர் எல்லோரும் தாகத்தையும் விருப்பத்தையும் காட்டும்போது, மேற்கில் உள்ள ‘கோருதல்’ அங்கேயே பின்னால் வளர்ந்தது என்று கொள்வதே சிக்கனம்.

12. பதிவை எழுதுதல்

எல்லாம் முடிந்ததும் ஒரே பத்தியாக எழுதிவையுங்கள்: ‘*ஃஷெ(ன்)த்யா, பெண்பால், மென் ஆகார வகை, தாகம், வேட்கை. வினை *ஃஷெ(ன்)தாத்தி. *க்வ்ஹெத்ஹ்- வேரின் மூக்கொலி செருகிய வடிவம். ரஷ்ய ஃஷாஃஷ்தா திருச்சபை மொழிக் கடன்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் பதிவைப் படிக்கும் அடுத்தவர் முதலில் இடறப்போவது அங்கேதான்.

அடுத்து நீங்களே செய்து பார்க்க ஒரு சொல்: ‘தேவை, நெருக்கடி’ என்பதற்கு ரஷ்யன் நுஃஷ்தா, பக்கத்தில் பேச்சுவழக்கு நுஃஷா, போலிஷ் நெந்த்ஃஸா, ஸ்லோவேனியன் நுயா, செக் நொவ்ஃஸெ. நடுமெய் உங்களுக்கு இப்போது கடினமாக இருக்காது. உயிரில்தான் வேலை இருக்கிறது: போலிஷ் மூக்கொலி காட்டுகிறது, பழைய திருச்சபை ஸ்லாவியப் படிகளிலோ ஒ(ன்) வடிவமும் உண்டு, வெறும் ‘உ’ வடிவமும் உண்டு.